வாகன உதிரிபாக நிறுவனத்தின் பங்கை வாங்கும் முன்: முழுமையான வழிகாட்டி

வாகன உதிரிபாகம் தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஒரு பக்கம் எஃகையும் அலுமினியத்தையும் விற்கும் ஆலைகள் இருக்கின்றன. மறு பக்கம் மாருதி, ஹூண்டாய், டாடா, அசோக் லேலண்ட் போன்ற வாகன நிறுவனங்கள் இருக்கின்றன. இரு தரப்புமே பெரும்பாலும் அதைவிடப் பன்மடங்கு பெரியவை. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்தும். ஆகவே, இத்துறையில் ஒரு பங்கை எடைபோடும்போது லாபம் எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், உலோக விலை ஏறினாலோ வாகன விற்பனை சரிந்தாலோ அந்த அடியை யார் தாங்குகிறார் என்று கேட்க வேண்டும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த ஒரே கேள்வியை வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்பதுதான்.

சென்னை, ஓசூர், கோவை வட்டாரங்களில் இந்தத் தொழிலில் வேலை செய்பவர்களும், அவர்களுடைய குடும்பத்தினரும், தங்களுக்குத் தெரிந்த நிறுவனம் என்ற நம்பிக்கையில் இத்தகைய பங்குகளை வாங்குவது வழக்கம். ஒரு நிறுவனம் நல்ல முதலாளி என்பதும் நல்ல முதலீடு என்பதும் வேறு வேறு விஷயங்கள். சேமிப்பைப் போடுமுன் கணக்கைப் பார்க்கும் உழைப்பை யாரும் தவிர்க்கக் கூடாது. கீழே வரும் நிறுவனப் பெயர்கள் விளக்கத்துக்காக மட்டுமே. எதுவும் பரிந்துரை அல்ல.

1. பாகத்திலிருந்து தொடங்குங்கள்

பங்கின் விலை வரைபடத்தைத் திறப்பதற்கு முன், அந்த நிறுவனம் தயாரிக்கும் பொருள் வாகனத்தில் எங்கே உட்காருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். போல்ட், நட்டு போன்றவற்றைப் பல நிறுவனங்கள் செய்து தர முடியும். ஆனால் பிரேக், ஸ்டீயரிங் போன்ற பாதுகாப்புப் பாகங்களை ஒரு புதிய சப்ளையரிடம் மாற்ற வாகன நிறுவனம் எளிதில் துணியாது. மாதிரி தயாரித்து, சோதித்து, ஒப்புதல் வாங்கி, உற்பத்தி வரிசைக்குப் போகவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். இந்தத் தாமதம்தான் பழைய சப்ளையருக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு. எளிய பொருளிலும் இதைக் கட்டியெழுப்ப முடியும். சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி சப்ளை செய்யும் இடத்தைப் பிடித்தது. மூடி சிறியதுதான், ஆனால் குறையில்லாத தரத்தில், சொன்ன நாளில், ஆண்டுக்கணக்கில் கொடுப்பது எளிதன்று.

அடுத்து, விற்பனையை மூன்றாகப் பிரியுங்கள்: வாகன நிறுவனங்களுக்கு நேரடியாகப் போவது, கடைகள் வழியாக மாற்றுப் பாகமாகப் போவது, ஏற்றுமதி. மாற்றுப் பாகச் சந்தையில் விலையை நிறுவனமே தீர்மானிக்கிறது. லாப விகிதமும் பொதுவாக அங்கே கூடுதல். புதிய வண்டி விற்பனை படுத்துவிட்ட ஆண்டிலும் ஓடும் வண்டிக்கு கிளட்ச் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். எனவே மொத்த விற்பனையில் மாற்றுப் பாகம் பத்து சதவீதமா முப்பது சதவீதமா என்பது பெரிய வித்தியாசம். இருசக்கர வாகனம், கார், லாரி, டிராக்டர் என்ற பிரிவுகளையும் இதே போலக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கும் ஒரே நேரத்தில் ஏறுவதோ இறங்குவதோ அரிது.

2. வாடிக்கையாளர் யார், எத்தனை பேர்

ஆண்டறிக்கையில் நிதிநிலைக் குறிப்புகளுக்குள் பிரிவுவாரித் தகவல் என்று ஒரு குறிப்பு இருக்கும். மொத்த வருவாயில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரம் 108-இன் விதி. பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தொகை சொல்லியாக வேண்டும். பல முதலீட்டாளர்கள் இந்தக் குறிப்பை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வங்கிக் கடனுக்காக கிரிசில், இக்ரா, கேர் போன்ற தர நிர்ணய நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகளில் இந்தச் சார்பு இன்னும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதன் விலை என்ன என்பதைச் சென்னை நேரில் பார்த்திருக்கிறது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-இல் கடைசிக் கார் வெளிவந்தது. அந்த ஆலைக்காகவே டை (பாகத்தை வார்க்கும் அச்சு) செய்து, எந்திரம் வாங்கி, கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்த சப்ளையர்களுக்கு அந்த முதலீட்டை வேறு எங்கும் திருப்பிவிட முடியவில்லை. உலக அளவில் இதைவிடப் பெரிய பாடம் அமெரிக்க உதிரிபாக நிறுவனமான டெல்ஃபை. ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து 1999-இல் பிரிந்த அந்த நிறுவனம், தாய் நிறுவனத்தையே பெரும்பாலும் நம்பியிருந்து, 2005 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கோரியது.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது அதன் கொரிய சப்ளையர்களும் கூடவே வந்தார்கள். வாகன நிறுவனத்துக்குச் சொந்தக் குழும சப்ளையர் இருக்கும் பாகத்தில், வெளியில் இருக்கும் நிறுவனம் பேரம் பேசும் இடம் மிகக் குறைவு.

3. உலோக விலை ஏறினால் என்ன ஆகிறது

பெரும்பாலான ஒப்பந்தங்களில் எஃகு, அலுமினியம் விலை ஏற்ற இறக்கத்தை வாகன நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு காலாண்டோ இரண்டு காலாண்டோ கழித்துத்தான். அந்த இடைவெளியில் சப்ளையரின் லாபம் நசுங்கும். விலை இறங்கும்போது அதே இடைவெளியில் லாபம் உப்பும். உலோகம் மலிந்த காலாண்டின் லாபத்தை நிர்வாகத் திறமை என்று எண்ணி அதிக விலை கொடுப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

லாப விகிதத்தைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 100 ரூபாய்க்கு விற்கும் பாகத்தில் உலோகம் 60 ரூபாய், செயல்பாட்டு லாபம் (வட்டி, தேய்மானம், வரி கழிக்கும் முன் மிஞ்சுவது) 15 ரூபாய் என்று வைப்போம். உலோகம் 10 ரூபாய் ஏறி, வாடிக்கையாளர் அதை முழுமையாகக் கொடுத்துவிட்டால் விலை 110 ரூபாய் ஆகும். லாபம் அதே 15 ரூபாய். ஆனால் விகிதம் 15 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக இறங்கிவிடும். நிறுவனம் எதையும் இழக்கவில்லை. சதவீதம் மட்டும் சரிந்தது. எனவே சதவீதத்தோடு நிற்காமல், ஒரு பாகத்துக்கு அல்லது ஒரு டன்னுக்கு எத்தனை ரூபாய் மிஞ்சுகிறது என்று கணக்கிடுங்கள். உலோகத்தை அடித்து வடிக்கும் ஃபோர்ஜிங், உருக்கி வார்க்கும் காஸ்டிங் நிறுவனங்கள் பல தங்கள் டன் கணக்கை முதலீட்டாளர் கூட்டங்களில் சொல்கின்றன.

ஆண்டுதோறும் ஓரிரு சதவீதம் விலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதை உற்பத்தித் திறனால் ஈடுகட்டும் நிறுவனத்துக்கும், சம்பளத்தை இறுக்கி ஈடுகட்டும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு ஐந்தாறு ஆண்டுகளில் ஆலையின் தரத்திலேயே தெரிந்துவிடும்.

4. ஒரு முழுச் சுழற்சியைப் பாருங்கள்

இதுவே இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாகக் கருதும் படி.

இந்தியாவில் வர்த்தக வாகன விற்பனை 2018-19 நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில், 2020-21-இல், அது 6 லட்சத்துக்கும் கீழே போனது. 2018 ஜூலையில் லாரிகள் ஏற்றக்கூடிய எடை வரம்பை அரசு உயர்த்தியதால் இருக்கும் லாரிகளே கூடுதல் சரக்கை இழுத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனத்தின் நெருக்கடி வெடித்து வாகனக் கடன் வறண்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்து வண்டி விலை ஏறியது. அதற்குள் ஊரடங்கும் வந்துவிட்டது. இருசக்கர வாகனங்களும் 2018-19-இல் 2.1 கோடியைத் தொட்டு, 2021-22-இல் சுமார் 1.35 கோடிக்கு இறங்கின. இந்தக் காரணங்களில் ஒன்றுகூட உதிரிபாக நிறுவனத்தின் கையில் இல்லை.

இப்படிப்பட்ட சரிவு லாபத்தை என்ன செய்யும் என்பதை ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். ஆண்டு விற்பனை 1,000 கோடி ரூபாய். மூலப்பொருள் 600 கோடி. சம்பளம் உள்ளிட்ட நிலையான செலவுகள் 200 கோடி. தேய்மானம் 50 கோடி. வட்டி 30 கோடி. வரிக்கு முன் 120 கோடி மிஞ்சும். விற்பனை 20 சதவீதம் குறைந்து 800 கோடி ஆனால் மூலப்பொருள் செலவு 480 கோடியாக இறங்கும். மற்ற மூன்றும் அசையா. இப்போது மிஞ்சுவது 40 கோடி மட்டுமே. விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு போனபோது லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

25 சதவீத வரி கழித்தால் நல்ல ஆண்டின் லாபம் 90 கோடி, மோசமான ஆண்டின் லாபம் 30 கோடி. சந்தையில் நிறுவனத்தின் மொத்த மதிப்பு 1,350 கோடி என்றால், நல்ல ஆண்டில் பி.இ. விகிதம் (மொத்த மதிப்பை நிகர லாபத்தால் வகுத்தது) 15, மோசமான ஆண்டில் 45. அதாவது, பங்கு மலிவாகத் தெரிவது லாபம் உச்சியில் இருக்கும்போது. எட்டாத விலையாகத் தெரிவது லாபம் அடிமட்டத்தில் இருக்கும்போது. கண்ணுக்குத் தெரியும் பி.இ.யை மட்டும் நம்பி வாங்குபவர் உச்சியில் வாங்கி அடியில் விற்பதற்கு இதுவே காரணம். இரண்டு ஆண்டுகளின் சராசரி லாபமான 60 கோடியை வைத்துப் பார்த்தால் விகிதம் 22.5 என்று வருகிறது. முடிவெடுக்க வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

ஆகவே 2016-17 முதலாவது தொடங்கி, ஒவ்வோர் ஆண்டின் விற்பனை, செயல்பாட்டு லாபம், நிகர லாபம், கடன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். 2019-20, 2020-21 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நஷ்டம் இல்லாமல், புதிய கடன் வாங்காமல், அவசரமாகப் பங்கு வெளியிடாமல் நிறுவனம் தாண்டியிருந்தால் அது பெரிய நற்சான்று. அண்மைக் காலாண்டுகள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு ஈடாகாது.

5. லாபம் பணமாக வருகிறதா

பத்து ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள். அதே பத்து ஆண்டுகளில் செயல்பாட்டிலிருந்து வந்த பணத்தை கேஷ் ஃப்ளோ அறிக்கையிலிருந்து கூட்டுங்கள். தேய்மானம் பணமாக வெளியே போவதில்லை என்பதால், இரண்டாவது தொகை முதலாவதைவிடக் கணிசமாகப் பெரியதாக இருக்க வேண்டும். சமமாகவோ குறைவாகவோ இருந்தால், லாபம் கிடங்கிலும் வாடிக்கையாளரிடமும் சிக்கிக் கிடக்கிறது என்று பொருள்.

வரவேண்டிய பாக்கியைப் படிக்கும்போது பில் டிஸ்கவுண்டிங்கை மறக்காதீர்கள். 1,200 கோடி விற்பனைக்கு 150 கோடி பாக்கி என்றால் சுமார் 46 நாட்கள், நல்ல நிலைதான். ஆனால் இன்னொரு 150 கோடிக்கான பில்களை வங்கியிடம் கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்கி, அவை இருப்புநிலைக் குறிப்பிலிருந்து நீங்கியிருந்தால், வாடிக்கையாளர் உண்மையில் எடுத்துக்கொள்வது 91 நாட்கள். இந்தத் தொகை குறிப்புகளில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும், தேடிப் பிடியுங்கள். அமெரிக்காவில் வடிகட்டி, வைப்பர், பிரேக் பாகங்கள் விற்ற ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸ் குழுமம் 2025 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியபோது, இன்வாய்ஸ்களை வைத்து வாங்கிய நிதியும் இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே இருந்த கடன்களும்தான் கேள்விக்குள்ளாயின. அது பட்டியலிடப்படாத நிறுவனம். ஆனால் பாடம் எல்லோருக்கும் உரியது.

தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பில் காரோ 2020 என்ற ஆணையின்படி தரப்படும் பதில்கள் இருக்கும். அதில் இரண்டாவது பிரிவைப் படியுங்கள். ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு வாங்கிய நிறுவனம், வங்கிக்கு ஒவ்வொரு காலாண்டும் கொடுத்த சரக்கிருப்பு, பாக்கிக் கணக்குகள் அதன் சொந்தப் புத்தகங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கையாளர் அங்கே சொல்லியாக வேண்டும். பெரிய வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்தால், அந்தப் பங்கை அத்துடன் மூடிவைத்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. பாக்கிகளை ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணையும் நிதிநிலைக் குறிப்புகளில் உண்டு.

6. போட்ட மூலதனம் என்ன ஈட்டுகிறது

வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை, பங்கு மூலதனம், கையிருப்பு, கடன் ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மூலதன வருமான விகிதம் கிடைக்கும். சுழற்சி முழுவதற்குமான சராசரி 15 சதவீதத்தைத் தாண்டாத உதிரிபாக நிறுவனத்தில், வளர்ச்சி என்பது பங்குதாரருக்குப் பெரிய பயனைத் தருவதில்லை. புதிய ஆலைக்காக வாங்கும் கடனுக்கு வட்டி கட்டவே லாபம் போய்விடும். கட்டுமானத்தில் இருக்கும் ஆலைக்கான தொகையை மூலதனத்திலிருந்து கழித்துவிட்டும் ஒருமுறை கணக்கிடுங்கள்; இல்லையென்றால் புதிதாக விரிவாக்கம் செய்யும் நல்ல நிறுவனம் மோசமாகத் தெரியும்.

மற்ற நிறுவனங்களை வாங்கி வளர்பவர்களைத் தனியாக ஆராய வேண்டும். மதர்சன் குழுமம் 2009-இல் நெருக்கடியில் இருந்த, வாகனங்களின் பின்பக்கம் காட்டும் கண்ணாடித் தயாரிப்பாளரான விசியோகார்ப்பையும், 2011-இல் ஜெர்மனியின் பெகுஃபார்மையும் வாங்கி உலக அளவுக்கு வளர்ந்தது. கோவையின் கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷன் 2023-இல் டி.ஆர். ஆக்ஸியனில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. இத்தகைய நிறுவனங்களில் தனித்த கணக்கைப் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும். துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கையும், வாங்கிய பிறகு கடன் எவ்வளவு விரைவில் இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும்.

7. மின்வாகனமும் ஆர்டர் அறிவிப்புகளும்

மின்வாகனத்தில் பிஸ்டன், வால்வு, எரிபொருள் இஞ்செக்டர், சைலன்சர் ஆகியவற்றுக்கு வேலையில்லை. பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம், இருக்கை, விளக்கு ஆகியவற்றுக்கு இருக்கிறது. வயரிங், சென்சார், பேட்டரியைக் குளிர்விக்கும் அமைப்பு ஆகியவற்றுக்குத் தேவை கூடும். நிறுவனத்தின் விற்பனையை இந்த மூன்று பெட்டிகளில் பிரித்துப் போட்டாலே பெரும்பாலான பதில் கிடைத்துவிடும். பிஸ்டன் செய்யும் நிறுவனத்தை உடனே ஒதுக்க வேண்டியதில்லை. ஓடும் வண்டிகளுக்கு மாற்றுப் பாகம் பல ஆண்டுகள் தேவைப்படும். ஆனால் அந்தப் பணத்தை நிர்வாகம் எங்கே போடுகிறது என்பதைக் கண்காணிக்க வேண்டும். 25,938 கோடி ரூபாய் மதிப்பில் 2021-இல் அரசு அறிவித்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தின் பயனைச் சில நிறுவனங்கள் லாபத்தில் காட்டுகின்றன. அது காலவரையறை கொண்டது என்பதால், அதைக் கழித்துவிட்டு மதிப்பிடுவதே முறை.

“2,000 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்தது” என்ற அறிவிப்பு வந்த நாளில் பங்கு தாவும். அந்தத் தொகை அந்த வாகன மாடலின் முழு ஆயுளுக்கும், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு, உரியது. ஏழு ஆண்டுகள் என்றால் ஆண்டுக்குச் சராசரி 286 கோடி. தொடக்க ஆண்டுகளில் அதைவிடக் குறைவு. மேலும், இவ்வளவு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக வாகன நிறுவனத்துக்கு இல்லை. மாடல் ஓடாவிட்டால் ஆர்டரும் ஓடாது. பழைய மாடலின் பாகத்துக்குப் பதிலாக வந்த ஆர்டரா, உண்மையிலேயே கூடுதலா என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். இப்போது பல நிறுவனங்கள் இக்கூட்டத்தைக் காணொலி வழியாக நடத்துவதால், ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் முன்பதிவு செய்து பேச முடியும்.

8. ஏற்றுமதி, திரும்பப் பெறுதல்

அமெரிக்கா 2025 மே 3 முதல் பல வாகன உதிரிபாகங்களின் இறக்குமதிக்கு 25 சதவீத வரி விதித்தது. வரியை அங்குள்ள இறக்குமதியாளர் கட்ட வேண்டும். அந்த இறக்குமதியாளர் வாடிக்கையாளரா, அல்லது இந்த நிறுவனத்தின் சொந்தத் துணை நிறுவனமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாவதானால், வாடிக்கையாளர் திருப்பித் தரும் வரை சுமை ஒருங்கிணைந்த கணக்கில் விழும்.

பாதுகாப்புப் பாகம் செய்பவர்களிடம் உத்தரவாதத்துக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்று பாருங்கள். குறைபாடுள்ள ஏர்பேக் இன்ஃபிளேட்டர்களால் உயிர்கள் பலியாகி, உலகெங்கும் கோடிக்கணக்கான வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டு, ஜப்பானின் டகாட்டா 2017 ஜூனில் திவாலானது.

9. நிறுவனர்கள்

நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருப்பது, அவர்களுடைய உறவினர்களோடும் குழும நிறுவனங்களோடும் நடக்கும் உறவுத் தரப்புப் பரிவர்த்தனை, அவர்களுக்குச் சொந்தமான பட்டியலிடப்படாத சகோதர நிறுவனம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பன்னாட்டுத் தாய் நிறுவனம் இருந்தால், விற்பனையில் எத்தனை சதவீதம் ராயல்டியாகப் போகிறது, புதிய தொழில்நுட்பம் பட்டியலிட்ட நிறுவனத்துக்கு வருகிறதா அல்லது தாயின் முழு உடைமையான வேறோர் இந்திய நிறுவனத்துக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

10. விலையை முடிவு செய்தல்

சுழற்சி முழுவதற்குமான சராசரிச் செயல்பாட்டு லாப விகிதத்தை எடுத்து, அதை இன்றைய விற்பனை அளவோடு பெருக்குங்கள். வட்டி, தேய்மானம், வரி கழித்தால் கிடைப்பதே இயல்பான லாபம். அதற்கு இந்தப் பங்கு கடந்த பத்து ஆண்டுகளில் பெற்ற இடைநிலைப் பி.இ.யை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) பொருத்திப் பாருங்கள். வரும் விலையைவிட 25 சதவீதமாவது குறைவாகக் கிடைத்தால்தான் வாங்குவது என்ற வரம்பை நான் பரிந்துரைக்கிறேன். சுழற்சியை யாராலும் துல்லியமாகக் கணிக்க முடியாததே காரணம். மொத்தச் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும், அதையும் இரண்டு மூன்று தவணைகளில் போடுவது நல்லது.

11. வாங்கிய பிறகு

ஒவ்வொரு மாதமும் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வெளியிடுவது ஆலையிலிருந்து டீலருக்குப் போன எண்ணிக்கை. டீலர்கள் சங்கமான ஃபாடா வெளியிடுவது டீலரிடமிருந்து வாடிக்கையாளர் பெயரில் பதிவான எண்ணிக்கை. முதலாவது சில மாதங்கள் தொடர்ந்து இரண்டாவதைவிட அதிகமாக இருந்தால் டீலரிடம் வண்டிகள் தேங்குகின்றன. அடுத்து உற்பத்தி குறையும், அதன் பின் உதிரிபாக ஆர்டர் குறையும். காலாண்டு முடிவுகள் 45 நாட்களுக்குள், ஆண்டு முடிவுகள் 60 நாட்களுக்குள் வரும்.

வாங்கும் நாளிலேயே, எந்த நிலை வந்தால் விற்பேன் என்று தேதியிட்டு எழுதி வையுங்கள்: மிகப் பெரிய வாடிக்கையாளரின் பங்கு வருவாயில் பாதியைத் தாண்டுவது, இரண்டு ஆண்டு தொடர்ந்து செயல்பாட்டுப் பணம் நிகர லாபத்தைவிடக் குறைவது, காலம் முடியுமுன் தணிக்கையாளர் விலகுவது. விலை இறங்கியது என்பது மட்டும் அந்தத் தாளில் இருக்க வேண்டியதில்லை.